ஏஞ்சல்ஸ் ஷேர்: தமிழில் என்ன சொல்வது?

மடல் 1 (பெங்களூரு)

விஸ்கிச் சுவைக் குறிப்புகளைத் தமிழில் எழுதும் நம் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘இன்று கோப்பையில் என்ன’ இழைக்குப் போன வாரம் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கிப் பாதியில் நிற்கிறேன். கோப்பையில் இருந்தது எங்கள் ஊர் விஸ்கியான அம்ருத் ஃப்யூஷன். இந்திய பார்லியும் ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்த பீட் (சதுப்பு நிலக் கரிமண்) புகையேறிய பார்லியும் சேர்ந்தது, 50 சதவீத வீரியம் (அல்கஹால் அளவு). மணத்தை எழுதிவிட்டேன், நாவில் பட்டதை எழுதிவிட்டேன். விழுங்கிய பிறகும் விடாமல் நிற்கும் சுவைக்கு நாம் முன்பே முடிவு செய்த ‘பின்சுவை’யையும் போட்டுவிட்டேன். பாட்டிலில் வயதே போடாத இந்த விஸ்கி எப்படி இவ்வளவு முற்றியிருக்கிறது என்று விளக்க வந்த இடத்தில் ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ வழியை மறித்துக்கொண்டது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ஓக் மரப் பீப்பாயில் விஸ்கி கிடக்கும் காலமெல்லாம் பலகையின் நுண்துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். போனதைத் தேவதூதர்கள் குடித்துவிட்டார்கள் என்று பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் சொல்லிவைத்தார்கள்; அதுதான் ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’, தேவதூதர் பங்கு. ஸ்காட்லாந்தின் குளிரில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம். பெங்களூரு வெயிலில் பத்தைத் தாண்டிவிடும். 200 லிட்டர் பீப்பாயை 12 ஆண்டு விட்டுவைத்தால் அங்கே 157 லிட்டர் மிஞ்சும். பத்து சதவீதக் கணக்கில் இங்கே 56 லிட்டர்தான். கூட்டு வட்டியைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற கணக்கு. அதே வெயில்தான் மரத்தின் சாரத்தை விஸ்கிக்குள் சீக்கிரம் இழுத்துவிடுகிறது. அதனால் இங்கே நான்கைந்து ஆண்டிலேயே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். எட்டு ஆண்டு பொறுத்திருந்து எடுத்த ஒரு விஸ்கிக்கு அம்ருத்காரர்களே ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேராசை பிடித்த தேவதூதர்கள்!

‘தேவதைப் பங்கு’ என்று எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. தேவதை என்றதும் நம் ஆள் ஊர் எல்லையில் இருக்கும் அம்மனை நினைப்பார், இல்லையென்றால் சினிமா கதாநாயகியை. பீப்பாய் நினைவுக்கு வராது. உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

மடல் 2 (தூத்துக்குடி)

தம்பி, இதற்கு எதற்கு மண்டையை உடைக்கிறீர்கள்? எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர் தேவதூதரைச் சம்மனசு என்போம்; காவல் சம்மனசு இல்லாத வீடு உண்டா? ‘சம்மனசுப் பங்கு’ என்று போட்டுவிட்டுப் பாட்டிலைத் திறங்கள். இந்தச் சொல் வழங்கும் பிரான்சும் கத்தோலிக்க மரபு வேரூன்றிய மண்தானே, பொருத்தமாகவே இருக்கும்.

என் கோப்பையில் டாலிஸ்கர் 10 என்ற ஸ்காட்ச் விஸ்கி. மிளகுக் காரமும் உப்புக் காற்றும். விரிவான குறிப்பு பிறகு.

மடல் 3 (சென்னை)

அன்புடையீர்,

நான் குடிப்பவன் இல்லை. சொல்லுக்காக மட்டுமே இந்த இழைக்குள் கால் வைக்கிறேன், மன்னிக்கவும்.

தூத்துக்குடி நண்பரின் சம்மனசு அழகான சொல். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதை முதலில் விளக்க வேண்டும். விளக்கத்துக்கே விளக்கம் வைத்த கதையாகிவிடும். தமிழில் வானோர்க்கு உரிய பங்குக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அவிப்பாகம். வேள்வித் தீயில் இடுவது அவி. அதில் தேவர்களுக்குச் சேர வேண்டியது அவிப்பாகம். தக்கன் சிவனுக்குக் கொடுக்க மறுத்தானே, அதுதான். அகரத்தை நீட்டி ‘ஆவிப்பாகம்’ என்று ஆக்கினால் ஆவியாகிப் போவதும் வருகிறது, வானோர் பங்கும் வருகிறது. ஆங்கிலத்தில் ஸ்பிரிட் என்பது மதுவையும் குறிக்கும், ஆவியையும் குறிக்கும் என்பது உபரி லாபம்.

இன்னொன்று. முதல் மடலில் விஸ்கி ‘முற்றியிருக்கிறது’ என்று கண்டேன். முருங்கைக்காய்தான் முற்றும். சங்கப் பாடல்களில் மூங்கில் குழாய்க்குள் ஊற்றிவைத்த தேறலுக்கு, அதாவது தெளிந்த கள்ளுக்கு, புலவர்கள் ஆண்ட வினை ‘விளைதல்’. பீப்பாய்க்கும் அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

மடல் 4 (கிளாஸ்கோ)

ஐயா, ‘விளைதல்’ அருமை. இனி நான் வேறு சொல்லைத் தொடப்போவதில்லை. ஆவிப்பாகத்தில்தான் எனக்கு ஒரு நெருடல். அவி என்பது மனமுவந்து இடுவது. கிடங்குக்காரர் எவரும் மனமுவந்து இடுவதாகத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடில் ஒரு விஸ்கிக் கிடங்குக்குள் போன அனுபவத்தைச் சொல்கிறேன். பழைய முறைக் கிடங்கு: மண் தரை, தடித்த கல் சுவர், பீப்பாய்கள் மூன்று அடுக்கு. வெளிச்சுவரும் அருகிலிருந்த மரப்பட்டைகளும் கரி பூசியது போல் கறுத்திருந்தன. அது புகை இல்லை. காற்றில் கலக்கும் அல்கஹால் ஆவியை உண்டு வாழும் ஒரு பூஞ்சை. பிரான்சின் பிராந்தி ஊரான கோன்யாக்கில் இதை முதலில் கவனித்தவர் பெயரால் ‘போதோய்னியா’ என்கிறார்கள். உள்ளே ஒரு முதியவர் மரச் சுத்தியலால் பீப்பாயின் முகப்பைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று நம் வீட்டில் தட்டிப் பார்ப்போமே, அப்படியே. ஓரிடத்தில் ‘தொம்’ என்றிருந்த ஓசை ‘டங்’ என்று மாறியது. அந்த இடத்தில் விரலை வைத்து, “இதற்கு மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது” என்றார். அவர் முகத்தில் பக்தி ஏதும் தென்படவில்லை.

சொல் தேடும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பலகை இடுக்கில் ஒழுகிப் போவது வேறு, இது வேறு. கசிவு என்ற சொல்லை ஒழுகலுக்கே விட்டுவிடலாம். அடுத்தது வீரியம். ஈரப்பதம் மிகுந்த ஸ்காட்லாந்துக் கிடங்கில் தண்ணீரை விட அல்கஹால் வேகமாகப் போகிறது, 63.5 சதவீதத்தில் நிரப்பியது ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வரும். 40க்குக் கீழே விழுந்துவிட்டால் சட்டப்படி அதை ஸ்காட்ச் விஸ்கி என்று விற்க முடியாது. அமெரிக்காவின் கெண்டகியில் கிடங்கின் மேல் மாடியில், வறண்ட சூட்டில், தண்ணீர் முந்திக்கொண்டு போய்விடும். அங்கே வீரியம் ஏறும். அளவு குறைவது எல்லா ஊருக்கும் பொது, வீரியம் ஏறுவதும் இறங்குவதும் ஊருக்கு ஊர் மாறும். நம் சொல் இரண்டுக்கும் முன்னொட்டுப் போட இடம் கொடுக்க வேண்டும்.

கோப்பையில் லகாவுலின் 16. வெளியே மழை. வேறு என்ன வேண்டும்?

மடல் 5 (கோவை)

கிளாஸ்கோ அக்காவின் மடலைப் படித்ததும் எனக்கு எங்கள் பட்டறை கண்ணுக்கு முன் வந்தது. அப்பா நகைத் தொழிலாளி. எனவே என் சொல்லும் அங்கிருந்தே வருகிறது: சேதாரம்.

யோசித்துப் பாருங்கள். பத்து கிராம் வளையல், சேதாரம் 12 சதவீதம் என்றால் நீங்கள் பணம் கொடுப்பது 11.2 கிராமுக்கு. கையில் இல்லாத அந்த 1.2 கிராம் அரத்தில் தேய்ந்தது, ஊதுலையில் போனது, தரையில் சிந்தியது என்று கணக்கு. பன்னிரண்டு ஆண்டு ஸ்காட்ச்சும் இதேதான். பெங்களூரு நண்பரின் கணக்கையே எடுத்துக்கொண்டால் 157 லிட்டருக்கு 43 லிட்டர் போயிருக்கிறது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு லிட்டரோடும் ஏறக்குறைய 270 மில்லி காணாமல் போனதற்கும் சேர்த்துத்தான் விலை. அவர் ஊர் விஸ்கியை ஐந்து ஆண்டில் எடுத்தாலும், லிட்டருக்கு ஏறக்குறைய 700 மில்லி! இல்லாத பொருளுக்கு விலை கொடுக்கும் இந்த ஏற்பாட்டை ஒரே சொல்லில் புரிந்துகொள்ளும் இனம் நம்மைப் போல் வேறு எது? திருமண வீட்டில் எந்த அத்தையிடமும் கேளுங்கள்.

அந்தக் கறுப்புப் பூஞ்சைக்கும் எங்கள் தெருவில் ஒரு ஜோடி உண்டு. நகைப் பட்டறை வரிசையில் சாக்கடை மண்ணை அள்ளிக்கொண்டு போய் அரித்துப் பொன்துகள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போய்விட்டது என்று எழுதியதில்தான் அவர்கள் பிழைப்பு.

என் முன்மொழிவு: காற்றுச் சேதாரம். அளவில் குறைந்தால் அளவுச் சேதாரம், வீரியம் இறங்கினால் வீரியச் சேதாரம். அக்கா கேட்ட முன்னொட்டும் ஒட்டிக்கொள்கிறது.

மடல் 6 (சென்னை)

கோவை நண்பரின் வாதம் வலுவானது. இருந்தாலும் ‘காற்றுச் சேதாரம்’ என்று தலைப்பு வைத்தால், தேனியில் வாழை சாய்ந்த தோட்டக்காரர் நிவாரணம் கேட்டு வந்து நிற்பார். மேலும் கடைக்காரர் சொல்லும் சேதாரம் உண்மையிலேயே சேதமானதுதானா என்ற ஐயம் வாங்குபவர் எல்லோருக்கும் உண்டு. அந்த நிழல் இந்தச் சொல்லின் மீதும் விழாதா? சேதம் வடசொல் என்ற குறையை நான் எழுப்பப் போவதில்லை; என் அவிப்பாகமும் அந்த வகையில் சுத்தமில்லை.

மடல் 7 (கிளாஸ்கோ)

நிழல் விழட்டும் ஐயா, அதனால்தான் சொல் பொருந்துகிறது. இங்கே விஸ்கிக்குத் தீர்வை விதிப்பது அது கிடங்கை விட்டு வெளியே போகும்போதுதான். ஆவியாகிப் போனதற்கு வரி இல்லை. எனவே குறைவு வழக்கத்தை மீறினால் வரித்துறை விளக்கம் கேட்கும்: காற்று குடித்ததா, கிடங்குக்காரர் குடித்தாரா? நகைக்கடை அத்தையின் அதே கேள்வி.

மடல் 8 (பெங்களூரு)

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இரண்டு சொற்களையும் வாக்கியத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வாக்கியத்தில் நிற்காத கலைச்சொல் பட்டியலில் மட்டும் நின்று என்ன பயன்?

‘இந்தப் பீப்பாயின் ஆவிப்பாகம் 11 சதவீதம்’ என்று எழுதினால் படிப்பவர் பஞ்சாங்கத்தைத் தேடுவார். ‘சேதாரம் 11 சதவீதம்’ என்றால் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதனால் சேதாரம் என் கணக்கில் வென்றுவிட்டது. வாழைத் தோட்டத்துக்குப் பயந்து முன்னால் காற்றுக்குப் பதில் ஐயாவின் ஆவியைச் சேர்த்துக்கொள்கிறேன்: ஆவிச் சேதாரம். வெறும் ‘ஆவியிழப்பு’ என்று வைக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். உயிர் போனதாகப் பொருள்படும், வேண்டாம். குடிப்பழக்கத்தைப் பற்றிய இழையில் அது நல்ல சகுனமும் இல்லை.

ஆவிப்பாகத்தை வீசிவிடவும் மனம் வரவில்லை. ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’ போன்ற பெயரை விளக்கும் இடத்தில், கதை சொல்லும் இடத்தில், அதை வைத்துக்கொள்வோம். பீப்பாய்ப் பலகை தானே குடித்துக்கொள்ளும் பங்குக்கு இன்னும் சொல் இல்லை. புதுப்பானை தண்ணீர் குடிப்பதைப் போன்ற சங்கதி அது. யாராவது தனி இழை தொடங்குங்கள்.

நின்றுபோன குறிப்பு இதோ:

அம்ருத் ஃப்யூஷன், 50 சதவீதம். நிறம் பழைய பித்தளை. முகர்ந்தால் முதலில் வறுத்த பார்லி, பிறகு ஆரஞ்சுத் தோல், அதன் பின்னால் அணைந்த அடுப்பின் புகை. ஆவிச் சேதாரம் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டும் ஊரில் விளைந்தது. வயது குறைவு, மரத்தின் சாரம் அதிகம். தண்ணீர் சேர்க்காமல் குடித்தால் நாக்கின் நுனி சுடுகிறது. ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டதும் இனிப்பு மேலே வந்து புகை பின்சுவைக்குப் போய்விடுகிறது.

தூத்துக்குடி அண்ணன், டாலிஸ்கர் குறிப்பு இன்னும் வரவில்லை.