கூழ் அடிபிடித்த மறுநாள்

வாட்ஸ்அப் குழு: பாளையங்கோட்டை வீடு
அம்மா, அண்ணன், மதினி, அக்கா, அத்தான், மகள், நான்

காலை 5:52

நான்: எல்லாருக்கும் ஒரு விஷயம். நம் வத்தல் வியாபாரத்துக்கான இன்ஸ்டாகிராம் பக்கத்தை இன்றோடு மூடிவிடலாம் என்று இருக்கிறேன். நேற்று நாலு படி பச்சரிசிக் கூழ் அடிபிடித்துவிட்டது. ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கையில் போன். "விலை என்ன" என்று கேட்டவர்களுக்கு வரிசையாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். வாடை வந்த பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன். அதைப் பிழிந்தால் வத்தல் முழுக்கக் கருகல் வாடைதான் வரும். அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

நான்: ராத்திரி 11 மணிக்கும் போன், காலையில் எழுந்ததும் போன். சித்திரை வெயில் இன்னும் எத்தனை நாளைக்கு? ஆனியில் சாரல் இறங்கிவிட்டால் மாடியில் ஒன்றும் காயாது.

அம்மா (குரல் பதிவு): ஏட்டி, நாலு படியா? அடுப்பில் கூழ் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். போனை அலமாரிக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்.

மகள்: அம்மா, மூடாதே. கூழ் வத்தல் பிழியும் ரீலை 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அக்கா: பார்த்தது சரி, வாங்கியது எத்தனை பேர்?

மகள்: அது தெரியாது பெரியம்மா. அம்மா நோட்டில்தான் இருக்கும்.

மதினி: மூடுவதும் வைத்துக்கொள்வதும் அப்புறம். முதலில் அந்த நோட்டை எடுத்து, போன மாத ஆர்டர் ஒவ்வொன்றும் யார் மூலம் வந்தது என்று எண்ணிப் பார். நான் வேலை பார்க்கும் துணிக்கடையிலும் இதைத்தான் மாதா மாதம் செய்கிறோம். கூட்டம் எங்கே இருக்கிறது, காசு எங்கிருந்து வருகிறது, இரண்டும் ஒரே இடமாக இருக்காது.

நான்: சரி மதினி. முதல் ஈடு காயப்போட்டுவிட்டு வருகிறேன்.

காலை 10:20

நான்: எண்ணிவிட்டேன். மொத்தம் 61 ஆர்டர். பழைய ஆட்கள் வாட்ஸ்அப்பில் கேட்டது 38. அவர்கள் சொல்லி வந்த புது ஆட்கள் 14. இன்ஸ்டாகிராம் பார்த்து வந்தது 9.

அக்கா: ஒன்பதுதானா!

நான்: ஆமாம். ஆனால் என் நேரம் முக்கால்வாசி அங்கேதான் போயிருக்கிறது.

மதினி: மகளே, பக்கத்தின் புள்ளிவிவரத்தைத் திறந்து, பார்த்தவர்கள் எந்த ஊர் என்று பார்.

மகள்: பார்த்தேன் அத்தை. பாதிக்கு மேல் வெளிமாநிலம். நாழியில் பிழிவதை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள் போல. திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை எல்லாம் கீழே கொஞ்சம்தான்.

மதினி: அதுதான் விஷயம். அவர்கள் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக, நாலு வருஷமாக வாங்குகிற ஆட்களைக் காக்க வைக்கக் கூடாது. பக்கத்தை மூட வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றிக்கொள். வாட்ஸ்அப் பிசினஸ்தான் உன் கடை, இன்ஸ்டாகிராம் வாசலில் தொங்குகிற போர்டு.

நான்: சொல்லுங்கள் மதினி, என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், கையோடு செய்கிறேன்.

மதினி: வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் என்று சரக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் எல்லாச் சரக்கையும் விலையோடு ஏற்று. கூழ் வத்தல், மோர் மிளகாய், சுண்டை வத்தல், சீனி அவரைக்காய் வத்தல், மிதுக்க வத்தல். கால் கிலோ, அரைக் கிலோ எவ்வளவு என்று தெளிவாகப் போடு. விலையை மறைத்து வைத்துக் "கேளுங்கள், சொல்கிறோம்" என்று போடுவதால்தான் உனக்கு அத்தனை கேள்வி வருகிறது. பாக்கெட்டின் பின்பக்கப் படமும் ஒன்று போடு, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் தெரிகிற மாதிரி.

மதினி: அப்புறம் விரைவுப் பதில். ஒரே பதிலை எத்தனை தடவை தட்டச்சு செய்கிறாய்? கூரியர் செலவு, எத்தனை நாளில் வரும், பணம் எப்படி அனுப்புவது. மூன்றையும் எழுதி வைத்துவிட்டால் சாய்கோடு போட்டு ஒரு சொல் அடித்தாலே முழுப் பதிலும் வந்துவிடும்.

மகள்: நான் இப்போதே அமைத்துத் தருகிறேன் அம்மா. உன் போனை வாட்ஸ்அப் வெப்பில் என் கணினியோடு இணைத்துத்தானே வைத்திருக்கிறோம்.

அண்ணன்: நான் ஒன்று கேட்கலாமா? வாங்குகிற எல்லாரையும் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்துவிட்டால் வேலை சுலபம்தானே?

அக்கா: வேண்டவே வேண்டாம். பிளவுஸ் தைக்க வருகிறவர்களை நான் அப்படிச் சேர்த்து வைத்தேன். எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் உள்ளே வந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகச் சீட்டுச் சேரச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார். மூன்று பேர் கோபித்துக்கொண்டு என்னிடம் தைக்கக் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

மதினி: பிராட்காஸ்ட் பட்டியல் போதும், ஒரே செய்தி எல்லாருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உன் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பல பேருக்கு இது தெரியாமல், அனுப்பினேன், யாரும் பதிலே போடவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

நான்: எனக்கும் தெரியாது மதினி! தை மாதம் அனுப்பியதற்கு ஏழு பேர்தான் பதில் போட்டார்கள். பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி: பிடிக்காமல் இல்லை, போயே சேர்ந்திருக்காது. இனி ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டுச் சீட்டு வை. "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், வத்தல் பிழியும் வாரம் தகவல் அனுப்புகிறோம்" என்று எழுது. கையால் எழுது, அச்சடிக்க வேண்டாம்.

மதியம் 1:15

மகள்: அம்மா, பெரியம்மா, அவசரம். இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்திருக்கிறது. "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியுள்ளது. 24 மணி நேரத்தில் நீக்கப்படும். மேல்முறையீடு செய்ய இங்கே அழுத்துங்கள்" என்று இருக்கிறது. போன வாரம் சினிமாப் பாட்டுப் போட்ட ரீலில் சத்தம் வராமல் போனதே, அதற்காகத்தான் இருக்கும். அழுத்தட்டுமா?

அக்கா: தொடாதே!!

அக்கா: கையை எடு. என் பழைய பக்கம் போனது இப்படித்தான். இதே வாசகம்தான், இதே 24 மணி நேரம்தான். பயத்தில் அழுத்திவிட்டேன். கடவுச்சொல் கேட்டது, போட்டேன். போனில் வந்த எண்ணைக் கேட்டது, அதையும் போட்டேன். பத்தே நிமிஷத்தில் எனக்கே என் பக்கம் திறக்கவில்லை. ஆறு வருஷமாகத் தைத்த பிளவுஸ் படம் அத்தனையும் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை, அத்தானைக் கேள்.

அத்தான்: உண்மைதான். விடிய விடிய அழுதுகொண்டிருந்தாள்.

மதினி: பாட்டுச் சத்தம் போனது வேறு விஷயம். வணிகக் கணக்கில் எல்லாச் சினிமாப் பாட்டையும் போட முடியாது, அதற்கென்று இருக்கிற இசையைத்தான் எடுக்க வேண்டும். இந்தச் செய்தியை அனுப்பியது வெளி ஆள். நிஜமான அறிவிப்பாக இருந்தால் ஆப்பின் உள்ளே அமைப்புகளிலேயே கணக்கு நிலை என்ற இடத்தில் காட்டும். அங்கே போய்ப் பார்.

மகள்: பார்த்தேன். அங்கே இப்படி எதுவும் இல்லை. செய்தி அனுப்பியவரின் கணக்கில் ஒரு பதிவுகூட இல்லை. புகார் கொடுத்துத் தடுத்துவிட்டேன்.

அக்கா: இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டிலும் இருபடிச் சரிபார்ப்பைப் போடு. வாட்ஸ்அப்பில் 6 இலக்கப் பின் ஒன்று வைக்கச் சொல்லும். அதை எங்கேயாவது எழுதிவை, ஆனால் போனில் எழுதாதே.

அத்தான்: நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வங்கிக்கு வாரம் ஒருவராவது இப்படி வந்து நிற்கிறார்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், முகாமுக்கு 20 கிலோ வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார்கள். ஸ்கேன் செய்து யுபிஐ பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. யாராவது பின் போடச் சொன்னால் அந்த ஆர்டரே வேண்டாம்.

அத்தான்: பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் வந்தாலும் உடனே சரக்கைக் கட்டாதே. உன் கணக்கில் வரவு வந்திருக்கிறதா என்று நீயே பார். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

நான்: அத்தான், சித்திரை முதல் வாரம் ஒருவர் 15 கிலோ கேட்டார். ராணுவம் என்றுதான் சொன்னார்! மோர் மிளகாய் அவ்வளவு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அத்தான்: நல்ல வேளை.

மாலை 3:40

மகள்: அம்மா, இன்னொன்று. செய்திக் கோரிக்கைகள் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது, நாம் அதைத் திறந்ததே இல்லை. அங்கே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பார்சல் நொறுங்கி வந்ததாகப் படம் போட்டிருக்கிறார். இரண்டு பேர் மோர் மிளகாயில் உப்புக் கூடுதல் என்கிறார்கள். எழுதி 12 நாள் ஆகிவிட்டது.

நான்: 12 நாளா? ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்திருக்கிறேனே.

மகள்: நொறுங்கிய படம் போட்டவர் பதில் வராததால் ரீலின் கீழேயும் கமெண்ட் போட்டிருக்கிறார். அதை அழித்துவிடட்டுமா?

மதினி: அழிக்காதே. அவர் சொல்வது பொய் இல்லையே. எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே மன்னிப்புக் கேள். "தாமதத்துக்கு வருந்துகிறோம், நாளைக்கே வேறு பார்சல் அனுப்புகிறோம்" என்று எழுது. சொன்னபடி நாளைக்கே அனுப்பு. அழித்தால் அவர் இன்னும் நாலு இடத்தில் எழுதுவார். எழுதாவிட்டாலும், மறுபடி உன்னிடம் வாங்க மாட்டார்.

நான்: நானே எழுதுகிறேன். கூழ் வத்தலை கவரில் போட்டு அனுப்பியது என் தப்புதான். இனி அட்டைப்பெட்டி. சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கி வைத்துக் கட்டினால் நொறுங்காது.

அம்மா (குரல் பதிவு): மோர் மிளகாயில் உப்புக் கூடுதல் என்று இரண்டு பேர் சொல்கிறார்களா? நீ மோரில் உப்பை எப்போது போட்டாய்? ராத்திரி ராத்திரி திரும்ப அதே மோரில் ஊறப்போடுகிறோம், பகலில் வெயிலில் வற்றுகிறது. முதல் நாள் நாக்கில் வைத்தால் கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும். சரியாக இருக்கிறதே என்று விட்டால் நாலாம் நாள் கரிக்கும். கூழுக்கும் அதே கணக்குத்தான்.

நான்: மூன்றாம் நாள் மோர் போதவில்லை என்று புதிதாகக் கொஞ்சம் சேர்த்தேன் அம்மா. அதிலும் உப்புப் போட்டுவிட்டேன்.

அம்மா (குரல் பதிவு): அதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதாக வேறு அனுப்பிவிடு. வாயைத் திறந்து சொன்னார்களே.

நான்: இந்த இரண்டு பேர் சொன்னது எனக்கு அந்த ரீலைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அடுத்த ஈடு முழுக்க இதே உப்பில் போட்டிருப்பேன்.

அண்ணன்: ஒருவர் 1,500 ரூபாய்க்கு 10 ஆயிரம் ஃபாலோயர் ஏற்றித் தருகிறேன் என்று என்னிடம் சொன்னார். உனக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இதையெல்லாம் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மதினி: நல்ல காரியம் செய்தீர்கள். அந்தப் பத்தாயிரத்தில் வத்தல் தின்கிற ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். அந்தக் காசுக்கு அட்டைப்பெட்டி வாங்கலாம்.

அக்கா: முகவரியும் பார்த்துக்கொள். பகலில் வீட்டில் தனியாக இருக்கிறாய். பக்கத்தில் தெருப் பெயர், கதவு எண் எதுவும் வேண்டாம். கூகுள் மேப்பில் போடுவதாக இருந்தாலும் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்று மட்டும் காட்ட வழி இருக்கிறது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மாலை 5:05

மகள்: புது ரீல் எடுத்திருக்கிறேன், பாட்டே இல்லை. காய்ந்த வேட்டியின் பின்பக்கம் ஆச்சி தண்ணீர் தெளித்து, வத்தலை ஒவ்வொன்றாக உரித்து எடுக்கிறாள். அப்புறம் எண்ணெயில் ஒரு வத்தல் விழுந்து பொரிகிற சத்தம். அவ்வளவுதான். 22 விநாடி.

மதினி: போனைக் காதில் வைத்துக் கேட்டேன். அந்தச் சத்தம் போதும், பேச்சே வேண்டாம். விலையையும், ஆர்டருக்கு வாட்ஸ்அப் என்பதையும் ரீலின் கீழே வருகிற விளக்கத்திலேயே எழுதிவை. வாரம் ஒரு ரீல் போதும்.

நான்: ஆர்டர் நேரமும் போட்டுவிட்டேன். மதியம் 2 முதல் 3:30 வரை, ராத்திரி 8 முதல் 9 வரை. மற்ற நேரத்தில் எழுதினால், "இப்போது அடுப்படியில் இருக்கிறோம், இன்றைக்குள் கண்டிப்பாகப் பதில் வரும்" என்று தானாகப் போகும்.

அக்கா: ராத்திரி 9 மணிக்கு மேல் யாராவது கூப்பிட்டால்?

நான்: எடுக்க மாட்டேன். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். கோமதியம்மன் கோவில் பக்கத்திலிருந்து வாங்கும் டீச்சரிடம் இதைச் சொன்னேன். "இப்படி நேரம் சொன்னால் எங்களுக்கும் நல்லது, எப்போது பதில் வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை" என்றார்.

நான்: நொறுங்கிய பார்சல்காரருக்குப் பதில் எழுதிவிட்டேன். முகவரி அனுப்பியிருக்கிறார். உப்பு சொன்ன இரண்டு பேரில் ஒருவர், புது ஈடு வந்ததும் கால் கிலோ வேண்டும் என்கிறார். இன்னொருவர் இன்னும் பார்க்கவில்லை.

அம்மா (குரல் பதிவு): மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. மாடியில் மூன்று வேட்டி கிடக்கிறது, ஞாபகம் இருக்கிறதா?

நான்: இதோ ஓடுகிறேன். போன் கீழேயே இருக்கட்டும்.