டெண்டர் மதிப்பீட்டை எதிர்த்து முறையிட்ட அனுபவங்கள்

கட்டட ஒப்பந்ததாரர்:

அரசுத் துறை ஒன்றின் கட்டட வேலைக்கு இரண்டு உறை முறையில் டெண்டர் போட்டிருந்தோம்; தகுதி ஆவணங்கள் தொழில்நுட்ப உறையில், விலை தனி உறையில். தொழில்நுட்ப உறையிலேயே தள்ளிவிட்டார்கள். "இதேபோன்ற பணி அனுபவம் போதாது" என்று ஒரே வரிதான் காரணம். டெண்டர் ஆவணம் கேட்டது, செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி கையெழுத்திட்ட பணி நிறைவுச் சான்று. அதைத்தான் வைத்திருந்தோம். தேர்வான நிறுவனம் கொடுத்ததோ தனியார் கம்பெனி ஒன்றின் சான்று. போர்ட்டலில் ஏற்றியிருந்த ஆவணங்களைப் பார்த்தபோதே அது தெரிந்தது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ன் 11-வது பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாட்கள்தான் அவகாசம். பலரும் அந்த நாட்களை அதிகாரியைப் பார்க்கக் காத்திருந்தே கழித்துவிடுகிறார்கள். பேசிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

மனுவில் ஊழல், வேண்டிய ஆள் என்று எதையும் எழுதவில்லை. நிபந்தனை எண், அதில் உள்ள வாசகம், எங்கள் சான்று இருக்கும் பக்கம், மதிப்பீட்டுக் குழு எழுதிய காரணம், அவ்வளவுதான். விசாரணையில் "குழு அப்படி முடிவு செய்தது" என்பதற்கு மேல் துறையால் விளக்கம் சொல்ல முடியவில்லை. மறுமதிப்பீட்டுக்கு உத்தரவானது. முதலில் தேர்வான நிறுவனம் விழுந்தது, எங்கள் விலை உறையைத் திறந்தார்கள். எங்களைவிடக் குறைவாகப் போட்ட இன்னொருவருக்கு வேலை போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. விலையில் தோற்பது தொழில். உறையைத் திறக்காமலே ஒதுக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆலோசனைப் பணி செய்பவர்:

சார், உங்களுக்கு எதிர்த்துப் பேச ஒரு நிபந்தனை எழுத்தில் இருந்தது. நாங்கள் போட்டது தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் தரும் டெண்டர். "பணி அணுகுமுறை" என்று மொத்தமாக மதிப்பெண் வைத்திருந்தார்கள், எதற்கு எவ்வளவு என்ற பிரிப்பு இல்லை. எங்களுக்கு ஏன் குறைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. மதிப்பெண் தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். அதற்குப் பதில் தர 30 நாள், மேல்முறையீட்டுக்கு 10 நாள்! தாள் கைக்கு வரும்போது பணி ஆணையே கொடுத்துவிட்டார்கள். இந்த இடைவெளியைச் சரிசெய்யாமல் மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. மதிப்பெண் தாளை நிராகரிப்பு உத்தரவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இப்போதெல்லாம் டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்டுவிடுகிறோம். சில துறைகள் திருத்தம் வெளியிடுகின்றன. வெளியிடாவிட்டாலும் நாம் கேட்டது பதிவில் இருக்கும்.

டெண்டர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்:

இருவர் சொன்னதும் நீதிமன்றத்தில் நான் பார்ப்பதுதான். டாடா செல்லுலார் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிதான் இன்றும் அடிப்படை. முடிவெடுத்த முறையை நீதிபதி பார்ப்பார், யார் சிறந்தவர் என்று மறுபடி மதிப்பெண் போட மாட்டார். "எங்கள் திட்டம்தான் மேலானது" என்று வாதாடினால் முதல் நாளே மனு தள்ளுபடியாகலாம். "அறிவித்த அளவுகோலை மீறினார்கள்" என்றால் காது கொடுப்பார்கள். அரசு தான் அறிவித்த தகுதி அளவுகோலுக்குத் தானும் கட்டுப்பட்டது என்று 1979-ல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது.

ஆனால் தடை உத்தரவு கிடைப்பது இப்போது கடினம். என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் 2022-ல், டெண்டருக்குத் தடை விதிக்க நீதிமன்றங்கள் தயங்க வேண்டும், தவறு நடந்திருந்தால் இழப்பீட்டை யோசிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். பொது வேலை நின்றுவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனாலும் சின்ன ஒப்பந்ததாரருக்கு இழப்பீட்டு வழக்கு பல வருட அலைச்சல். அதனால் அரசிடம் போடும் மேல்முறையீட்டை ஒப்புக்குப் போடாதீர்கள். மேல்முறையீடு முடியும்வரை இடைக்கால உத்தரவு போட 11-வது பிரிவே அரசுக்கு அதிகாரம் தருகிறது. பணி ஆணை வழங்கக் கூடாது என்ற கோரிக்கையையும் அதே மனுவில், தனித் தலைப்பில் எழுதுங்கள்.