பழமைவாதிக்குக் கற்பனை குறைவா?

கோண்டாவில்காரன்: 28 நாடுகளில் செய்த ஆய்வொன்றைப் பற்றி வாசித்தேன். அரைகுறைக் கோடுகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து, அதை விரும்பியபடி வரைந்து முடிக்கச் சொல்கிறார்கள், பழமைவாதப் போக்கு கூடியவர்களுக்குக் கற்பனைக்கான புள்ளி குறைகிறதாம். எங்கள் யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்துமா?

வேப்பமரத்தடி: பொருந்தும் தம்பி. டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை' இலக்கிய இதழைத் தொடங்கினார், கே. டானியல் நாவல் எழுதினார், இரண்டு பேரும் இடதுசாரிகள். சாதியை எதிர்க்கப் போனதால்தானே எழுத்தில் புது ஆட்களும் புதுப் பேச்சும் வந்தன.

பழைய வாத்தியார்: அப்ப ஆறுமுக நாவலரை எங்கே வைக்கிறது? சாதி, ஆசாரம் எல்லாவற்றிலும் இறுக்கமான மனிசன். ஆனால் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் போட்டு, செய்யுளாகக் கிடந்ததைப் பிள்ளைகளும் வாசிக்கிற வசனமாக்கினவர் அவர்தான். மரபைக் காப்பாற்றத்தான் புதுசு செய்தார்! அந்தத் தாளில் இது அகப்படுமா?

சுன்னாகம் மருமகள்: என் மாமியாரும் அப்படித்தான். ஆசாரத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொடுக்க மாட்டார், ஆனால் மார்கழியில் முற்றத்துக் கோலம் ஒருநாள் போல மறுநாள் இருக்காது, புள்ளியைக்கூட எண்ணாமல் கையாலேயே இழுத்துக்கொண்டு போவார். பென்சிலைக் கொடுத்துப் படம் கீறச் சொன்னால் 'எனக்கு வராது பிள்ளை' என்பார்.

கோண்டாவில்காரன்: சரி வாத்தியார், ஆனால் ஆய்வு சொல்வது சராசரியைத்தானே, ஒரு நாவலரை வைத்து அதை மறுக்க ஏலாது. கோலக் கதைதான் இடிக்கிறது.