குடும்ப வரலாறு தேட நேரம் ஒதுக்குவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்தார். எந்தத் தோட்டம் என்பதுதான் தெரியவில்லை. தகரப் பெட்டியில் கிடைத்த கடித உறையில், தபால் முத்திரையில் 'சுங்கை' வரை படிக்க முடிகிறது; மீதி எழுத்துகள் மடிப்பில் தேய்ந்துவிட்டன. கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டா? மலேசியாவில் சுங்கை என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம்.

தேடுவதற்கு ஆசை நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. காலையில் சமையல், பிறகு அலுவலகம், மாலையில் பிள்ளைகளின் பாடம். உட்கார்ந்தால் கண் சொருகுகிறது.

பெரிய அத்தைக்குத் தாத்தா சொன்ன கதைகள் நினைவிருக்கின்றன. சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகம் எங்கும் போய்விடாது, அத்தைக்கோ வயதாகிறது. அதனால் அத்தையிடம் கேட்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்திருக்கிறேன். காய் நறுக்கும்போதே கைப்பேசியில் அவரைப் பேச வைத்துப் பதிவு செய்யலாமா? அப்படிச் செய்தவர்கள், பதிவைப் பிறகு எப்போது, எப்படி எழுதி முடித்தீர்கள்? வாரம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எதில் தொடங்குவீர்கள்?

கெடா, பேராக் பக்கத்துத் தோட்டங்களின் பழைய ஆள்பதிவேடுகளைத் தேடிப் பார்த்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். முத்திரையின் படத்தை இணைத்திருக்கிறேன். படிக்க முடிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.