ராத்திரி சின்னச் சத்தத்துல கேட்க எந்த ஸ்பீக்கர்?

வணக்கம். அபார்ட்மெண்ட், 10க்கு 12 அடி ரூம், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு பெட்ரூம். 10 மணிக்கு மேலதான் கேட்கிறது. 55-60 டெசிபல் தாண்டாது. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு மீட்டர். பட்ஜெட் 60,000 வரை.

வால்யூம் குறைஞ்சா காது முதல்ல கோட்டை விடுறது பேஸைத்தான் (அடித்த சத்தம், கனமான கீழ் ஒலி). மிருதங்கத்துல வலந்தலை (வலது பக்கம்) கேட்கும், தொப்பி (கனமா ஒலிக்கிற இடது பக்கம்) கேட்காது. சப்வூஃபர் (பேஸுக்குன்னே தனி ஸ்பீக்கர்) மட்டும் சொல்லிடாதீங்க, அது கான்கிரீட் வழியாவே பக்கத்து வீட்டுக்குப் போயிடும்.

ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர் யமஹா ஹெச்எஸ்5 யோசனையில இருக்கு. ஆனா போர்ட் (பேஸுக்காக பெட்டியில விட்டிருக்கிற காத்துத் துவாரம்) பின்பக்கம், சுவருக்கு 15 செ.மீ.தான் இடம். ரூம் கண்ட்ரோலை (பேஸைக் குறைக்கிற ஸ்விட்ச்) -4ல வச்சா கொழகொழப்பு குறையும், சின்ன வால்யூம்ல இன்னும் சப்புனு ஆகிடாதா? பாட்டு நின்னதும் ட்வீட்டர்ல (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) 'உஸ்' ஒரு மீட்டர்ல கேட்குமா?

இன்னொரு வழி, யமஹா ஏ-எஸ்301 ஆம்ப், கூடவே ஆம்ப் இல்லாத சாதா ஸ்பீக்கர். அதுல லவுட்னெஸுக்கு (சின்னச் சத்தத்துலயும் பேஸ் குறையாம பார்த்துக்கிறது) தனி குமிழ். வால்யூமை ஒரு அளவுல நிறுத்திட்டு அந்தக் குமிழாலயே சத்தத்தைக் குறைக்கலாம், பேஸ் கூடவே நிக்கும். வால்யூம் குமிழை அடிமட்டத்துல வைக்கும்போது வர்ற இடது-வலது ஏற்றத்தாழ்வும் தப்பும். இதுக்கு ஜோடியா முன்பக்க போர்ட் அல்லது போர்ட்டே இல்லாத மூடின பெட்டி, 5 இன்ச்சுல எது? ராத்திரி வால்யூம்ல கேட்டவங்க சொல்லுங்க.