பிளைவுட் மேசையில் ஒட்டிய தேக்கு பீடிங் நடுவில் வாய் பிளக்கிறது, என்ன செய்யலாம்?

ஞாயிறு தச்சன்:
வணக்கம். 18 மில்லி பிளைவுட்டில் எழுதும் மேசை ஒன்று செய்தேன். மேல்பலகை 1200-க்கு 600 மில்லி. அடுக்குகள் தெரியக் கூடாது என்று நான்கு பக்கமும் 12 மில்லி தேக்கு பீடிங் (விளிம்பை மூடும் ஒல்லியான மரச் சட்டம்) வைத்து, வெள்ளைப் பசை தடவி, சாணுக்கு ஒன்றாகத் தலையில்லா ஆணி அடித்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நீளப் பக்கத்தில் சரியாக நடுவில் விட்டுக்கொண்டு வருகிறது. விசிட்டிங் கார்டு உள்ளே போய் வருகிறது. முனைகள் இரண்டும் கல் மாதிரி நிற்கின்றன. இன்னொரு வேதனையும் உண்டு. பீடிங்கை மட்டமாக்க உப்புத்தாள் போட்டதில் ஓர் இடத்தில் பிளைவுட்டின் மேல் வெனீர் (தாள் போன்ற மேல் மர அடுக்கு) போய், அடி அடுக்கு எட்டிப் பார்க்கிறது.

மரம் விரிந்து சுருங்குவதால்தான் என்று நினைக்கிறேன். ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடட்டுமா?

பழைய ரம்பம்:
ஸ்க்ரூ வேண்டாம் சார். மரத்தின் மேலும் பழி போடாதீர்கள். மரம் அகலவாக்கில்தான் விரியும். நீளவாக்கில் அசைவது இல்லை என்றே சொல்லலாம். பிளைவுட் எந்தப் பக்கமும் பெரிதாக அசையாது. பீடிங்கின் நீளம் விளிம்போடு ஓடுவதால் முழு நீளத்துக்கும் பசை போட்டதில் தவறே இல்லை. 75 மில்லி அகலத்தில் சட்டம் கட்டி மூலையை 45 டிகிரியில் சேர்த்தால் அது வேறு கதை, காய்ந்த காலத்தில் மூலையின் உள்பக்கம் திறந்துகொள்ளும். 12 மில்லிக்கு அந்தக் கவலை இல்லை.

பீடிங்கைக் கழற்றி இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பசை எந்தப் பக்கம் இருக்கிறது, எப்படி இருக்கிறது? அப்புறம் பலகை விளிம்பில் நேரான அலுமினியச் சட்டத்தை வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஞாயிறு தச்சன்:
கழற்றிவிட்டேன். முனைகளில் பிளைவுட் நார் பிய்ந்து தேக்கோடு வந்தது. நடுவில் ஓர் அடி நீளத்துக்கு நார் ஒன்றுகூட இல்லை. தேக்கின் மேல் பசை கண்ணாடி மாதிரி பளபளவென்று காய்ந்து கிடக்கிறது. டார்ச் அடித்தால் அங்கே வெளிச்சம் வருகிறது, ஒரு மில்லிக்கு மேல் இருக்கும். வட்ட ரம்பத்தை வழிகாட்டிக் கட்டை இல்லாமல் கையாலேயே ஓட்டினேன், ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ரம்பம்:
சரி, ஆள் அகப்பட்டான். முனையில் மரம் பிய்ந்தது என்றால் பசை மரத்தைவிட உறுதியாகப் பிடித்திருக்கிறது. நடுவில் பசை பிளைவுட்டைத் தொடவே இல்லை, தனியாகக் காய்ந்திருக்கிறது. பள்ளத்துக்குள் பீடிங்கை வளைத்துப் பிடித்தது ஆணிதான். வளைந்த தேக்கு வில் மாதிரி, ராப்பகலாக நிமிரப் பார்க்கும். வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பும் சரக்கும் அல்ல.

இழைப்புளி:
அவர் சொன்னதோடு ஒன்று. பிளைவுட் விளிம்பில் ஓர் அடுக்கு விட்டு ஓர் அடுக்கு நாரின் வாய் வெளியே பார்த்திருக்கும். அது பசையை உறிஞ்சிக் குடித்துவிடும். அதனால் முதலில் விளிம்பில் மெல்லிசாகப் பசை தடவி விரலால் தேய்த்து, மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். அப்புறம் அதன் மேல் இன்னொரு பூச்சு, தேக்கில் ஒரு பூச்சு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, சீவிய அன்றே ஒட்டுங்கள்.

விளிம்பைப் புதிதாக வெட்டும்முன் ஒடிந்த ஆணி ஏதும் உள்ளே நிற்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ரம்பப் பல் போனால் வராது.

சுருள்சீவல்:
பிளைவுட்டில் 6 மில்லி பள்ளம் போட்டு, பீடிங்கில் அதற்குள் இறங்கும்படி நாக்கு எடுத்துச் சேர்த்துவிடுங்கள். ஜென்மத்துக்கும் விடாது.

இழைப்புளி:
நாக்கு இருந்தால் பசை காயும்வரை பீடிங் மேலே கீழே வழுக்காது. அது நல்லதுதான். ஆனால் இந்த மேசையின் பிடிப்புக்கு அது தேவையில்லை. விளிம்பு கோணலாக இருந்தால் நாக்கு போட்டாலும் வெளியே சந்து தெரியத்தான் செய்யும். செய்வதாக இருந்தால் பள்ளத்தையும் நாக்கையும் மேல்முகத்திலிருந்தே அளந்து எடுங்கள்.

ஞாயிறு தச்சன்:
நாக்கு என் கைக்கு அதிகம். ஒட்டு காயும்வரை முடுக்கிப் பிடிக்க என்னிடம் நான்கே கிளாம்ப் இருக்கிறது, 1200 நீளத்துக்குப் போதுமா?

பழைய ரம்பம்:
வெறும் பீடிங்கின் மேல் என்றால் சாணுக்கு ஒன்று வேண்டும். கிளாம்புக்கும் பீடிங்குக்கும் இடையில் நீளமான, கெட்டியான கட்டை ஒன்று கொடுத்தால் நான்கு போதும். அந்தக் கட்டையின் பீடிங் பக்கத்தை, நடுப்பகுதி 2 மில்லி புடைத்து நிற்கும்படி இரண்டு முனைகளையும் நோக்கிச் சீவுங்கள். முனைகளை முடுக்கும்போது கட்டை நிமிர்ந்து நடுவையும் அழுத்தும். பசை ஒட்டாமல் இருக்க இடையில் செல்லோடேப். முதலில் பசை இல்லாமல் ஒரு தடவை முடுக்கிப் பார்த்துவிடுங்கள். பசை பூசிய பிறகு கிளாம்பைத் தேடி ஓடும் கொடுமை எனக்குத் தெரியும்.

இழைப்புளி:
வெனீர் விஷயம். மேல் அடுக்கு அரை மில்லிதான் இருக்கும், போனது போனதுதான். இந்த முறை பீடிங் பலகையைவிட ஒரு மில்லி உயர்ந்து நிற்கட்டும். ஒரு நாள் முழுக்க விட்டு இழைப்புளியால் இறக்குங்கள். அவசரப்பட்டு இறக்கினால் பசையின் ஈரத்தில் ஊதிய மரம் பிறகு வற்றி, ஒட்டுக் கோட்டில் பள்ளம் விழும். கடைசியில் உப்புத்தாள் போடும்முன் பென்சிலால் ஒட்டின் குறுக்கே கோணல்மாணலாகக் கிறுக்குங்கள். பலகைப் பக்கக் கிறுக்கல் மங்க ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடுங்கள். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித்தான் பிடிக்க வேண்டும், விரலால் அல்ல.

ஞாயிறு தச்சன்:
முடித்துவிட்டேன். வழிகாட்டி வைத்து நான்கு பக்கமும் 4 மில்லி எடுத்தேன், இப்போது டார்ச் வெளிச்சம் எங்கும் வரவில்லை. மிச்சத் துண்டு ஒன்றை அதே மாதிரி ஒட்டி மறுநாள் சுத்தியலால் தட்டினேன். பிளைவுட் அடுக்குதான் பிளந்தது, ஒட்டு அப்படியே நின்றது. வெனீர் போன இடத்துக்கு வைத்தியம் எதுவும் செய்யவில்லை. ஒட்டுவதற்கு முன்பே பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டேன், அடிமுகம் நன்றாகத்தான் இருந்தது.