"பெயர் வராது, தைரியமா எழுதுங்க" என்பார்களே, அந்த சர்வே: உங்கள் அனுபவம்?

கந்தன்சாவடி கேண்டீன்:

வருஷா வருஷம் கம்பெனியில் வரும் அந்த எங்கேஜ்மென்ட் சர்வேதான், வேலையில் மனம் ஒன்றி இருக்கிறோமா என்று கேட்பது. விளக்க வேண்டியதில்லை, எல்லாரும் நிரப்பியிருப்பீர்கள். 1 முதல் 5 வரை புள்ளி, கடைசியில் "மனம் திறந்து சொல்லுங்கள்" என்று ஒரு பெட்டி, பெயர் வராது என்று மேலே தடித்த எழுத்தில் உறுதிமொழி. எங்கள் டீமே ஏழு பேர்தான். பெட்டியில் நான் எழுதியது இவ்வளவுதான்: ராத்திரி ஒன்பதரை மணி மீட்டிங் க்ளையண்ட் கேட்டு வருவதில்லை, நம்மவர்களே வைப்பது, பகலுக்கு மாற்றலாம். யாரையும் திட்டவில்லை.

அடுத்த டீம் மீட்டிங்கில் மேனேஜர் ஸ்லைடு போட்டார். என் வாக்கியம் அப்படியே திரையில். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூன்று புள்ளி வைப்பது என் வழக்கம், டீமுக்கே தெரியும். அந்தப் புள்ளிகளும் திரையில் இருந்தன. "இதை யார் எழுதினார்கள் என்று நான் தேடப் போவதில்லை" என்றார். அதற்கான பதிலை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் இருந்தவன் சட்டென்று தன் லேப்டாப்பில் மும்முரமானான். காப்பி பேஸ்ட் பண்ணும்போது அந்தப் புள்ளிகளையாவது எடுத்திருக்கலாம்.

இப்போது எல்லாக் கேள்விக்கும் 4 தான். 5 போட்டால் நக்கல் என்று நினைப்பார்கள், 3 போட்டால் கூப்பிட்டுப் பேசுவார்கள். டீம் முழுக்க இதே ஃபார்முலா. மதிப்பெண் ஏறிவிட்டது, மேனேஜருக்கு ஷீல்டு கொடுத்தார்கள். கைதட்டினோம்.

ஒரகடம் பி ஷிஃப்ட்:

உங்களுக்கு சர்வே, எங்களுக்குக் கயிறு. 'ஆண்டான்' (Andon) கயிறு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், டொயோட்டாக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம். தொழிற்சாலை லைனில் நிற்கும் யார் குறை பார்த்தாலும் இழுக்கலாம், விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், தீராவிட்டால் லைன் நிற்கும். சேர்ந்த அன்று காட்டும் வீடியோவில் "தயங்காமல் இழுங்கள்" என்றுதான் வருகிறது.

கசிவைத் தடுக்கிற ஒரு ரப்பர் வளையத்தின் விளிம்பு கிழிந்திருந்தது. பிரேக்குக்குப் போகிற பார்ட். இழுத்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது, கயிற்றை இழுத்தால் வரும் பாட்டும் அடித்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "யாருடா இழுத்தது?"

வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் பார்ப்பது கடிகாரத்தை. ஷிஃப்ட் முடிகிற கூட்டத்தில், லைன் நின்ற நிமிடங்கள் போர்டில் ஏறின, பக்கத்திலேயே என் ஸ்டேஷன் நம்பர். ஐடிஐ முடித்து அப்போதுதான் வந்திருந்த அப்ரண்டிஸ் பையன் கேண்டீனில் காதோடு சொன்னான்: "அண்ணா, இனிமே பார்க்காத மாதிரி விட்டுடுங்க. தரம் பார்க்கிற க்யூசி பிடிச்சுக்கட்டும்." வேலைக்கு வந்து அவன் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான்.

முன்பு ஜப்பானிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். கயிற்றை இழுத்தவரிடம் முதலில் நன்றி சொல்வார், அப்புறம்தான் குறை என்ன என்று குனிந்து பார்ப்பார். அவர் ஊருக்குக் கிளம்பியபோது அந்த நன்றியும் சேர்ந்து விமானம் ஏறிவிட்டது.

மாதச் சம்பளம்:

மேலே இரண்டு பேரும் சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மேனேஜர் பார்த்தார், இன்சார்ஜ் முறைத்தார், இதெல்லாம் ஒரு குறையா? ஒரே லைனில் பர்மனென்ட் ஆளுக்கு ஒரு கூலி, கான்ட்ராக்ட் ஆளுக்கு அதில் பாதி. அதைப் பேசுங்கள். கலாச்சாரம், மனநிறைவு எல்லாம் சம்பளம் ஏற்றாமல் இருக்கக் கண்டுபிடித்த பேச்சு.

என் அனுபவமும் உண்டு. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. எங்களுக்கு அதற்குப் பதிலாகப் பிறகு லீவு தருவதாகச் சொன்னார்கள். லீவு வரவில்லை, "ஒரே குடும்பம்" என்று எழுதிய டீ-ஷர்ட் வந்தது. துவைத்தால் சாயம் போகிற ரகம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியதே, நினைவிருக்கிறதா? மே தினத்தன்று முதல்வர் வாபஸ் என்று அறிவித்தார். யாராவது சர்வே நிரப்பியா அது நடந்தது? சங்கங்கள் எதிர்த்ததால் நடந்தது.

நாலாவது மாடி பட்டு:

மாதச் சம்பளம் அண்ணா, கூலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எனக்கும் ஏறினால் சந்தோஷம்தான். ஆனால் அந்த முறைப்பு ஒரு குறையா என்று கேட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

துணிக்கடையில் நிற்கிற வேலை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2018இலேயே வந்துவிட்டது. எங்கள் பிரிவுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஆறு பெண்களுக்கு ஒன்று.

ஆடி முடிந்த வாரம், மத்தியானம், கூட்டமே இல்லை. எங்களில் மூத்த அக்கா ஒருவர், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும், ஸ்டூலில் உட்கார்ந்து கலைந்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். வேலைதான் செய்தார், கவனியுங்கள். கடையில் மைக் உண்டு, ஆஃபர் சொல்வதும் தொலைந்த குழந்தையைச் சொல்வதும் அதில்தான். அதில் குரல் வந்தது: "நாலாவது மாடி பட்டுப் பிரிவு... நாலாவது மாடி பட்டுப் பிரிவு, கவனிக்கவும்." அதோடு முடித்துக்கொண்டார்கள். கேமராவில் பார்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அர்த்தம் புரியாது, கடையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் புரியும். அக்கா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த புடவையெல்லாம் தரையில் சரிந்தது. குனிந்து பொறுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது ஸ்டூலின் மேல் கட்டைப் பை அடுக்கி வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் "இதே டிசைன், மாம்பழக் கலர் வேணும்" என்று யாராவது கேட்டால் குடோன் வரைக்கும் ஓடிப் போய்த் தேடிக் கொண்டுவருவேன். வாங்காமல் போனாலும் கவலையில்லை, காட்டுவதே ஒரு சந்தோஷம். இப்போது "இருக்கிறது இதுதான் மேடம்". குடோனில் இருக்கிறது, எனக்கே தெரியும். அந்தச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினாலும் நான் அந்தக் குடோன் படி ஏறுவேனா என்று சந்தேகம்தான்.

ஹெச்ஆர் நாற்காலி:

பல வருஷமாக மனிதவளத்தில் இருக்கிறேன், அதனால் நான்கு பேருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் கதை சின்னது. வேலையை விடுகிறவர்களிடம் நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவில் ஒரு பையன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்றான். சில நாள் கழித்து எதிர் பில்டிங் டீக்கடையில் புது ஐடி கார்டோடு நிற்கிறான். காரணத்தை உள்ளபடி சொல்லியிருக்கலாமே தம்பி என்றேன். "சொல்லி என்ன சார் ஆகப் போகுது, எனக்கு ரிலீவிங் லெட்டர் வேணுமே" என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கந்தன்சாவடி சகோ, பொதுவாக இத்தனை பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் தனி ரிப்போர்ட் காட்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பு மதிப்பெண்களுக்குத்தான், நீங்கள் எழுதும் கருத்து பல இடங்களில் வார்த்தை மாறாமல் போய்விடும். சர்வே நடத்துவது வெளி நிறுவனமா, உள்ளேயேவா என்று முதலில் கேளுங்கள். உங்கள் நடையில் எழுதாதீர்கள், டீமில் உங்களுக்கு மட்டும் தெரிந்த சம்பவத்தைச் சொல்லாதீர்கள், கடைசி நாளில் நிரப்புங்கள். மாதச் சம்பளம் ஐயா, கேலப் என்ற அமெரிக்க நிறுவனம் வேலையில் எவ்வளவு மனம் ஒன்றியிருக்கிறீர்கள் என்று உலகம் முழுக்கக் கேட்டுக் கணக்கெடுக்கிறது. 2023இல் மனம் ஒன்றி வேலை செய்கிறவர்கள் 23 சதவீதம், 2024இல் 21. மேனேஜர்களிடமே 30இலிருந்து 27க்கு இறங்கியிருக்கிறது. டீமுக்கு டீம் இருக்கும் வித்தியாசத்தில் 70 சதவீதம் மேனேஜரால் வருவது என்பதும் அவர்கள் கணக்கு. அவர்களின் 12 கேள்விகளில் சம்பளம் பற்றி ஒன்றுகூட இல்லை. கடந்த ஏழு நாளில் யாராவது பாராட்டினார்களா, உங்களை ஒரு மனிதராக மதித்து அக்கறைப்படுகிறவர் அங்கே இருக்கிறாரா, இப்படித்தான் கேட்பார்கள். ஒரகடம் தம்பி, கிழிந்த வளையத்தை அடுத்த முறை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஷாப் ஃப்ளோரில் போன் கூடாது என்றால் நோட்டில் நேரத்தோடு எழுதிக் குவாலிட்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பட்டுப் பிரிவு சகோதரி, தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம், ஆறு பேரும் சேர்ந்து கொடுங்கள், தனியாக வேண்டாம். அக்காவின் காலுக்கு இறுக்கமான காலுறை...

நாலாவது மாடி பட்டு:

சார், நான் யோசனை கேட்கவில்லை. ஆறு பேரும் மனு கொடுத்தால் அடுத்த தீபாவளிக்கு அந்த மாடியில் வேறு ஆறு பேர் நிற்பார்கள்.

மாதச் சம்பளம்:

12 கேள்வியில் சம்பளம் இல்லையாம். கேள்வித்தாளைக் காசு கொடுத்து வாங்குவது யார்? நிறுவனங்கள். அப்புறம் எப்படி அதைக் கேட்பார்கள்?

நைட் டியூட்டி:

ஒரகடம் தம்பி எழுதிய அந்த "யாருடா" என்ற ஒரு சொல்லுக்காக வந்தேன். நான் நர்ஸ், தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். எங்கள் வார்டில் ஒரு ஜூனியர் பெண் ராத்திரி இரண்டு மணிக்கு மருந்து கலக்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலை (சின்னக் குப்பி) எடுக்கப் போய், பொட்டாசியம் குளோரைடை எடுத்துவிட்டாள். இரண்டும் நிறமில்லாத தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பொட்டாசியத்தை நிறைய சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். உடைப்பதற்கு முன் லேபிளைப் படித்ததால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளே போய் தலைமை நர்ஸான மேட்ரனிடம் சொன்னாள், அழுதுகொண்டே.

மேட்ரன் அம்மா கண்டிப்புக்காரர், நாங்கள் எல்லாரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். அவர் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இது ரெண்டும் ஒரே டிரேல எப்படி வந்துச்சு?" என்றார். அந்த டிரேயைக் கையோடு எடுத்துக்கொண்டு அங்கேயே மேசையில் கொட்டினார். எங்களையும் உட்காரச் சொல்லி, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதையெல்லாம் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னார். பொட்டாசியத்தைத் தனி அலமாரிக்கு மாற்றிப் பூட்டுப் போட்டாயிற்று. அந்தப் பெண்ணுக்கு மெமோ இல்லை. மறுநாள் ரிப்போர்ட் புத்தகத்தில் "சொன்னதற்கு நன்றி" என்று அவர் கையால் எழுதியிருந்தார்.

அதற்கப்புறம் எங்கள் வார்டில் ஒரு கட்டில் தடுப்பு சரியாக மாட்டவில்லை என்றாலும் யாராவது எழுதிவிடுவார்கள். மற்ற வார்டுகளை விட எங்கள் புத்தகத்தில்தான் பிழைகள் அதிகம். அதனால் நிர்வாகம் எங்களை மட்டமான வார்டு என்று நினைக்கிறது, அது வேறு கதை. வெளியே இதைவிட நல்ல சம்பளத்துக்கு இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை.

கந்தன்சாவடி கேண்டீன்:

நிர்வாகம் அந்தப் புத்தகத்துக்கு 1 முதல் 5 வரை மார்க் போட ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்.

மாதச் சம்பளம்:

சிஸ்டர், உங்கள் மேட்ரனுக்காவது சம்பளம் ஏற்றினார்களா?

நைட் டியூட்டி:

இல்லை அண்ணா. எல்லாருக்கும் போடுகிற அதே இன்க்ரிமென்ட்தான்.

மாதச் சம்பளம்:

நினைத்தேன். சரி, அந்த வார்டில் ஆள் எடுக்கிறார்களா? என் பெண் நர்சிங் கடைசி வருஷம்.